ஏழாவது பாகத்துக்கு ஒரு திருத்தம்

"ஏழாவது பாகத்தில் சாட்சி சொன்னவர்
சம்பவ இடத்தில் இருக்கவில்லை என அறிகிறோம்.
வருந்துகிறோம்."
மூன்று வரி. இரண்டு நாள் எழுதி அழித்தோம்.
பிறகு என் குரலிலேயே பதிவு செய்தோம்,
கமறாமல் வந்த ஐந்தாவது தடவை.

அதில் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

கண்டாவளைப் பக்கம், ஆடி அமாவாசைக்கு முந்தின இரவு
லைற் போடாமல் வந்த மணல் டிப்பர்
சைக்கிளோடு சேர்த்துக் கஜீபனை அடித்தது.
பதினெட்டு வயது.
பொலிஸ் புத்தகத்தில்: "மாடு குறுக்கே வந்தது."

ஜெயசீலன் தானாகத்தான் எங்களிடம் வந்தான்.
அந்த டிப்பரின் கிளீனர் தான் என்றான்.
எத்தனை மணி, எந்தக் கியர், சாரதி மென்ற வெற்றிலை,
கண்ணாடியில் தொங்கிய பிளாஸ்டிக் எலுமிச்சை,
எல்லாம் இருந்தது அவனிடம்.
லண்டனில் இருந்து சாரங்கன் சொன்னான்:
"மச்சான், இவன் தங்கம்."
உரைகல் எங்களிடமும் இருந்தது.
பொட்காஸ்ட் வெள்ளிக்கிழமை வெளியாக வேண்டியிருந்தது.

"மணல் ஈரமா இருந்தது" என்றான் ஜெயசீலன்.
அவ்வளவுதான் சொன்னான்.
மழையை நான்தான் போட்டேன்.
மாங்குளத்தில், ஒரு மார்கழியில், எங்கள் தகரக் கூரையில்
பிடித்து வைத்திருந்த நல்ல மழை.
பன்னிரண்டு விநாடி மெல்ல எழுந்து
அவன் குரலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.
கனடாவில் கேட்டவர்கள் அழுதார்களாம்.

ஆடியில் வன்னியில் ஏது மழை?
குளக்கட்டில் நாய் நிழலைத் தேடித் தன் நிழலில் படுக்கிற மாதம்.
முதலாளியின் சட்டத்தரணிக்கு அது போதும்.
இரணைமடு நீர்ப்பாசனக் கந்தோரில் ஒரு கொப்பி,
அந்தத் திகதிக்கு நேரே
பூச்சியம் தசம் பூச்சியம்.
அந்தப் பூச்சியத்தைப் பிடித்து இழுத்தார்.
அந்தக் கிழமை முழுக்க ஜெயசீலன்
வவுனியா ஆஸ்பத்திரி நான்காம் வார்டில்
டெங்குக் காய்ச்சலோடு கிடந்தது வந்தது.

முந்தின ஆறு பாகங்களில்
பெயர் மாற்றி, குரல் மாற்றிப் பேசியவர்கள்
ஒரே இரவில் பொய்யர்களானார்கள்.
ஒருவர் இலக்கத்தை மாற்றிவிட்டார்.
ஒருவர் சந்தையில் என்னைக் கண்டு
வெங்காயம் பொறுக்கக் குனிந்தார். நிமிரவில்லை.

பரந்தன் சந்தியில்
கொத்துரொட்டிக் கடைக்குப் பின்னால்
சட்டி கழுவிக்கொண்டிருந்தான் ஜெயசீலன்.
"ஏன்ரா?"
"உண்மையா நிண்ட கிளீனர் எனக்குச் சொன்னவன் அண்ணை.
அவனுக்கு ரெண்டு பிள்ளை. வாய் திறக்கமாட்டான்.
எனக்கு ஆர் இருக்கினம்?
வாய் சும்மாதானே இருந்தது, குடுத்தன்."
றெக்கோடர் என் சட்டைப் பையில் இருந்தது.
போடவில்லை.
போட்டிருந்தாலும்
இனி அதை ஆருக்குக் கொண்டுபோய்க் கேட்கக் கொடுப்பது?

முதலாளி எங்கள் திருத்தத்தை
டிப்பருக்குள் சத்தமாகப் போட்டுக் கேட்கிறாராம்,
மணல் ஏற்றி முடியும்வரை.

கஜீபனின் தாய் தவமலரிடம்
இரண்டு மணி நாற்பது நிமிடம் பதிவு செய்திருந்தேன்.
"நான் காணேல்ல தம்பி."
"தெரியாது தம்பி."
"ஒரு சத்தம் கேட்டது. மாடெண்டு நினைச்சன்."
ஏழாம் பாகத்தில் அவவுக்குப் பதினொரு விநாடி.
ஒவ்வொரு தெரியாதையும் வெட்டினேன், ஓட்டம் கெடும் என்று.
அந்த மாட்டையும் வெட்டினேன்,
பொலிசுக்கு உதவிவிடும் என்று.

மன்னிப்புக் கேட்கப் போனேன்.
பிளேன்ரீ தந்தா, சீனியை ஒரு கரண்டியில்.
கனநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தா.
மின்சாரம் இல்லை, அது சுற்றவில்லை.
பிறகு கேட்டா:
"தம்பி, அண்டைக்கு மழை பெய்ததோ?"
"இல்லை அம்மா."
"அதுதானே.
உங்கட அதைக் கேட்ட நாள் தொடக்கம்
பிள்ளை நனைஞ்சு கிடந்தான் எண்டெல்லோ
நினைச்சுக்கொண்டிருக்கிறன்."