அந்தோனியார் ஒட்டுகிற இடம்

ஃபிரிட்ஜ் கதவிலிருந்து கழற்றி
கைப்பையில் போட்டுக்கொண்டேன்,
கொச்சிக்கடையில் வாங்கிய அந்தோனியாரை.
விரல் நீளம். முதுகில் காந்தம்.
தகரம் இருந்தால் ஒட்டுவார்.
துரு தின்ற ஓட்டையைப் பூசி மெழுகியிருந்தால்
வழுக்கி விழுவார்.

பதினான்கு லட்சம், மூன்று பேரின் சீட்டுக்காசு.
அதில் பாதிதான் காருக்கு என்பது முபாரிஸின் சட்டம்.
மிச்சம் இயந்திரத்துக்கு, டயருக்கு,
"முதல் நாளே உடையப்போற கியர்பொக்ஸுக்கு."

ரெஜினோல்டுக்கு மசில் கார்தான் வேண்டும்.
கல்கிசையில் ஒன்று இருந்தது.
கலியாண வாடகைக்கு ஓடியது. கதவுப் பிடியில்
இன்னும் ஒரு சாண் வெள்ளை ரிப்பன்.
இரண்டு பேர் படுத்துறங்கலாம், அந்த பொனட்டில்.
அவன் சுற்றிச் சுற்றி வந்தான்
வாயே திறக்காமல்.
பொனட்டைத் திறந்தார்கள்.
எட்டு சிலிண்டர் குடியிருந்த குழியில்
ஒரு வேனின் டீசல் இயந்திரம்,
பெரிய பங்களாவின் மூலையில்
பாய் விரித்த காவல்காரனைப் போல.
"பெட்ரோல் விலை ஏறினப்போ அப்பா மாத்தினது."
சொன்னவருக்கு வெட்கமில்லை.
விலை மட்டும் எட்டு சிலிண்டருக்கு.
அந்தோனியாரை நான் வெளியே எடுக்கவேயில்லை.

வெல்லம்பிட்டியில் அடுத்தது, புதுப் பெயின்ட், பளபளா.
முபாரிஸ் இருக்கையின் அடியில் விரலை விட்டு
மோந்து பார்த்தான்.
"களனி" என்றான்.
ஆறு வந்து இருந்துவிட்டுப் போன கார்.
அந்தோனியார் கதவில் நின்றார்,
சில்லு வளைவில் சரிந்தார்,
கீழ்த்தளத்தில் நிற்கவே மறுத்தார்.

தெல்கந்தையில் கருணாதிலக ஐயாவின் லான்சர்
பெட்டி மாதிரி, நாலு கதவு,
ஆறிப்போன பால் தேத்தண்ணியின் நிறம்.
கண்ணாடி பார்க்கிற எவரும் வாங்கமாட்டார்.
ஆனால் பின்சில்லில் இழுக்கிற வண்டி.
கூரை, தூண், தளம், சில்லு வளைவு,
வைத்த இடமெல்லாம் டக், டக்கென்று
ஒட்டிக்கொண்டார் புனிதர்.

மனிதர் நல்லவர். ஒன்றையும் மறைக்கவில்லை.
ஏசி செத்து ஆறு வருஷம், மகள்.
பின் இருக்கையை எலி அரித்துவிட்டது.
ரேடியோவைக் களவெடுத்துவிட்டார்கள்.
கார்பெட் இல்லை. இயந்திரம் ஸ்டார்ட் ஆகாது.
மூன்றாம் கியர் விழாது.
ஒவ்வொன்றுக்கும் ரெஜினோல்ட் பெருமூச்சு விட்டான்,
முபாரிஸ் உச்சுக்கொட்டினான்.
நான் மனதுக்குள் கிலோ கூட்டிக்கொண்டிருந்தேன்.
எல்லாம் நாங்கள் பிடுங்கி எறியவிருந்தவை.
அவரோ கடன் கேட்க வந்தவர்போல் தலை குனிந்து
தானாகவே விலையை இறக்கினார்,
ஏழு, ஆறே முக்கால்.

பாரம்தான் கணக்கு.
நான் நாற்பத்தெட்டு கிலோ. ஓட்டுவதற்கு என்னைத் தெரிந்ததற்கு
முபாரிஸ் சொல்கிற ஒரே காரணம் அது.
ரெஜினோல்டைவிட நான் கிளச் விடுவது சுத்தம் என்பதை
செத்தாலும் சொல்லமாட்டான்.

ஆறரைக்கு வந்தபோது என்னால் முடியவில்லை.
"அதெல்லாம் எங்களுக்கு வேண்டாம் ஐயா,
கால் மைல் ஓட்டத்துக்குத்தான் வாங்குறோம்" என்று
சிங்களத்தில் உளறிவிட்டேன்.
முபாரிஸ் என் காலை மிதித்தான்.
கருணாதிலக ஐயா காரைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார், திரும்பவும் காரை.
"இதா?"
பிறகு சிரிப்பு அடங்க அவருக்குக் கனநேரம் எடுத்தது.
விலையைக் கூட்டவில்லை.
பின் இருக்கையை மட்டும் கழற்றித் தரச் சொன்னார்.
வாசலில் போட்டு உட்கார வேண்டுமாம்.
எலி அரித்த பக்கம் சுவரோரமாக.

பதினேழு கிலோ குறைந்தது, ஒரு சல்லி செலவில்லாமல்.

முச்சக்கரவண்டியின் பின்னால் கயிறு கட்டி
ஹைலெவல் வீதியில் இழுத்துப் போனோம்.
ஸ்டியரிங்கில் நான்.
பதினான்கு செக்கனில் முடிக்கவேண்டிய தூரத்தை
அரை மணி நேரமாக நகர்ந்தோம்.
பஸ்காரன் ஹோன் அடித்தே கொன்றான்.
நுகேகொட சிக்னலில் கயிறு தளர்ந்து திரும்ப இறுக,
கூரையிலிருந்து சின்னதாக ஒரு சத்தம்.
எடுக்க மறந்திருந்தேன் அவரை.
முன் வண்டியிலிருந்து ரெஜினோல்ட் தலையை நீட்டி
கையால் காட்டினான்,
இன்னும் நிற்கிறார்.
பச்சை விழுந்தது.
என் வலது கால்
தானாகவே அழுத்திக்கொண்டது.