சனிக்கிழமைத் தாரா

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் போகும்போதெல்லாம்
ரீவிக்குள் மழை பெய்யும்.
அன்ரெனா முழுக்க உப்புக்கறள்.
ஜெசிந்தா அன்ரியின் லொட்ஜில் பதினொரு அறை,
ஒரேயொரு ரீவி,
சனி காலை ஒன்பதரைக்குத்
தபால்காரத் தாரா.

தொப்பி கண்ணை மறைக்கும். சைக்கிளுக்கு பிரேக் இல்லை.
கூரையிலிருந்து விழும், அப்பளமாய்த் தட்டையாகும்,
தன்னைத்தானே சுருட்டி உதறி எழுந்து
அடுத்த கதவைத் தட்டும்.
எப்போதும் பிழையான வீடு.
ஒருமுறை யானையின் கலியாணக் காட்டை
எலியிடம் கொடுத்துவிட்டு
எலிக்கு மாலை விழும்வரை நின்று கைதட்டியது.

அது சிங்களத்தில் பேசியது.
நாங்கள் கொழும்புக்கு வந்து ஆறு மாதம்,
எனக்குப் பள்ளிக்கூடம் இன்னும் கிடைக்கவில்லை.
எனக்குத் தெரிந்த சிங்களம் முழுதும்
ஒரு தாராவின் மூக்கால் வந்தது.

"லியும தெமுணா மஹத்தயா, கதாவ தெமுணே நே."
கடிதம்தான் நனைந்தது ஐயா,
சங்கதி நனையவில்லை.
ஒவ்வொரு கிழமையும் அதைச் சொல்லும்.
ஒவ்வொரு கிழமையும் கேதீசன் மாமா
வாயில் பாணோடு புரைக்கேறச் சிரிப்பார்.
அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது.
நான் சிரிக்கும் இடம் பார்த்துச் சிரிப்பார்,
அரை நொடி பிந்தி.

அந்தச் சனி
தாரா சைக்கிளோடு ஆற்றுக்குள் இறங்கியபோது
படியில் சப்பாத்துச் சத்தம்.
இரண்டு பொலிஸ்காரர். ஒருவர் அறை அறையாய்ப் போனார்.
மற்றவர் மாமாவின் பதிவுத் துண்டை வாங்கி
யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
வியாழக்கிழமை களிசானோடு சேர்த்துத் தோய்த்தது.
முத்திரை நீல மேகமாய் ஊறி
பெயரில் ஒரு சுழி மட்டும் மிச்சம்.

என்ன இது என்றார்.
அம்மா என்னைப் பார்த்தா.
நான் வாயைத் திறந்தேன், வந்தது தாரா.
லியும தெமுணா மஹத்தயா...
மூக்கால்,
இறக்கைகள் இரண்டையும் இடுப்பில் ஊன்றி.

அவர் என்னைப் பார்த்தார், ரீவியைப் பார்த்தார்,
தொப்பியைக் கழற்றிச் சிரித்தார்.
கண்ணைத் துடைத்தார்.
தன் மகளும் இப்படித்தானாம்.
கதிரை நுனியில் இருந்து கொஞ்சநேரம் பார்த்தார்,
நாங்கள் சிரிக்காத இடங்களிலும் சிரித்தார்.
தப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

பிறகு ரயில் போனது.
படம் மழையாயிற்று.
அவர் எழுந்து தொப்பியைப் போட்டு
மாமாவுக்குப் படியைக் காட்டினார்,
மரியாதையாகத்தான்.
யன்னலில் நின்று லொறியைப் பார்த்தேன்.
முதுகுக்குப் பின்னால் முடிவு இசை.

திங்கள் பின்னேரம் மாமா வந்தார்.
நெடுநேரம் குளித்தார்.
ஈரத் துவாயோடு வெளியே வந்து
முதலில் கேட்டது:
"தாரா கடைசியில கடிதத்தைக் குடுத்ததோ?"

நான் மிச்சத்தைப் பார்க்கவில்லை.
குடுத்தது, என்றேன்.

"ஆரிட்ட?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.