முதற்பெயர் தெரியவில்லை

மேசைக்கடியில் விசிறி சுற்றுகிறது. சின்னதாய் ஒரு பீப்.
கறுப்புத் திரையில் நாலே வரி வெள்ளை எழுத்து:
ஏதோ ஒரு கோப்பு சிதைந்துவிட்டதாம்,
அது இல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.
ஞாயிறு இரவு. கேன்டன், மிச்சிகன்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.

இளம்பரிதி வெள்ளிவரை சின்சினாட்டியில்.
"தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம்" என்றார் போனில்.
அகரனின் எரிமலை அறிக்கை அதற்குள் இருக்கிறது,
செவ்வாய்க்கிழமை கொடுக்க வேண்டும்.
ஒன்பது வருஷப் படங்கள் அதற்குள்.
"பேக்கப் எடுத்தியா?" என்று அடுத்துக் கேட்டார்.
சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மாடிவீட்டு மார்செல்லா மடிக்கணினி தந்தாள்.
பல் டாக்டர் இனாமாய்க் கொடுத்த பென்டிரைவ்,
கடைவாய்ப் பல் வடிவம்,
அதில் எழுப்பும் நிரலை இறக்கினேன்.
எஃப் பன்னிரண்டை அமுக்கு அமுக்கென்று அமுக்கி
ஆறாவது தடவைதான் உள்ளே விட்டது.

செக்டிஸ்க் என்று தட்டினேன்.
இருபத்தேழு சதவீதத்தில் உட்கார்ந்துகொண்டது,
தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி.
ஒன்றே முக்கால் மணி நேரம்.
சாக்ஸ்களை ஜோடி சேர்த்தேன், மூன்று ஒற்றை.
ரசத்தைச் சூடாக்கிக் குடித்தேன்.
இருபத்தேழு.
"சரி, நீ மெதுவாகவே வா" என்று
திரையிடம் நான் சொன்னதை
நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்கு முடிந்தது.
துண்டுகள் இருக்கின்றன, பெயர்கள்தான் இல்லை.
ஃபைல் 0000, ஃபைல் 0001 என்று
முந்நூற்று நாற்பத்து மூன்று,
மழைக்கு ஒதுங்கிய ஆட்கள் போல
ஒரே ஃபோல்டரில் நெருக்கியடித்துக்கொண்டு.

எனக்கு இது பழக்கம்தான்.
பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர், மங்கையர்க்கரசி.
அப்பாவின் 'ந.' எந்த விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டதோ.
இந்த ஊர்ப் படிவத்துக்கு இரண்டு கட்டம்,
ஒன்று காலியாக இருந்தால் பொறுக்காது,
எஃப்.என்.யூ. என்று தானே நிரப்பிக்கொள்ளும்:
முதற்பெயர் தெரியவில்லை.
மருந்துக்கடையில் "ஃப்னூ! ஃப்னூ!" என்று கூப்பிடுவார்கள்.
முதல் வருஷம் நான் திரும்பியே பார்க்கவில்லை.
இப்போது எழுந்துபோய் மாத்திரையை வாங்கிக்கொள்கிறேன்.

வாலில் ஜேபிஜி என்று ஒட்டினால் சில துண்டுகள் படமாகின்றன.
0012: பனியில் புதைந்த எங்கள் கார், ஓரத்தில் என் கட்டைவிரல்.
0048: அகரனின் நெற்றி, கண்கள்,
அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.
சிரித்தானா அன்று?
0090: காலி செய்துவிட்ட வீட்டின் வாடகை ஒப்பந்தம்.
அது மட்டும் ஒரு காற்புள்ளி குறையாமல் இருக்கிறது.
0131: ஒலி. பதினோரு நொடி. இளம்பரிதி.
"கேக்குதா? மங்கை, கேக்குதா?"
எந்த வருஷம், எங்கிருந்து, தெரியாது.
இரண்டு தடவை போட்டுக் கேட்டேன்.
0207: எரிமலை! தலைப்பும் இரண்டு பத்தியும்.
முடிவுரை இல்லை.
அதைச் சிதைவின் கணக்கில் எழுதுவதா,
அகரன் கணக்கில் எழுதுவதா?

திறந்ததற்கெல்லாம் தமிழில் பெயர் தட்டினேன்.
கார். ஒப்பந்தம். கேக்குதா.
0048க்கு ஒன்றும் தோன்றாமல் எண்ணாகவே விட்டேன்.
எழுபதுக்கும் மேல் கடைசிவரை வாய் திறக்கவில்லை.
அவற்றையும் அழிக்கவில்லை.

மூன்றரைக்கு எல்லாவற்றையும் பல்லில் ஏற்றிக்கொண்டு
வட்டைத் துடைத்துப் புதிதாய் நிறுவினேன்.
உங்கள் பெயர் என்ன என்றது. ஒரே கட்டம்.
ஆங்கிலத்தில் பதினான்கு எழுத்து, ஒன்று விடாமல் அடித்தேன்.
நீலத் திரையில் முழுப்பெயர் சொல்லி வரவேற்றது.
கண் கலங்கியது தூக்கமின்மையால் என்று வைத்துக்கொள்ளலாம்.
உள்ளே போய்ப் பார்த்தால்
என் ஃபோல்டருக்கு முதல் ஐந்தெழுத்தை மட்டும்
நறுக்கி வைத்திருக்கிறது: மங்கா.
மாங்கா என்றும் வாசிக்கலாம்.
ஐந்தெழுத்துக்குள் அனைத்தும் அடக்கம் என்று
கோயிலில் சொல்லும்போது நான் இதை நினைத்ததில்லை.

அகரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றான்.
"சரியாயிடுச்சாம்மா?"
"ஆயிடுச்சு. முடிவுரை எங்கடா?"