லாட் 4417

பாயான் லெப்பாஸ். இரவு ஷிஃப்ட்.
லென்ஸுக்குக் கீழே வேட்டை அம்பின் முனை.
விளிம்பில் மயிரிழைப் பிசிறு இருந்தாலும்
சிவப்புத் தட்டுக்குப் போகும்.

இரண்டு வகை செய்கிறோம்.
ஒன்று ஒல்லி: அசையாத இரண்டு அலகு.
மற்றது மூடிய குடையாய்ப் பறந்து
தோலைத் தொட்டதும் விரியும்.
பெட்டியில் அதற்குத்தான் பெரிய படம்.

சோதனைக்கு ஆட்டுத் தொடை;
ரொஹாயா கூட நிற்பதால் பன்றி வாங்குவதில்லை.
விரிகிற முனை
வாசலை அகலத் திறந்துவிட்டு
எலும்பில் முட்டி நின்றுவிட்டது.
ஒல்லியோ மறுபுறம் வந்து
பின்பலகையில் குத்தி நடுங்கிக்கொண்டிருந்தது.
"உள்ளே போனா மட்டும் போதாதுபோல,"
கையுறையை உருவினாள் ரொஹாயா.

நான் மான் பார்த்தது ஒரே தடவை,
தைப்பிங் மிருகக்காட்சிசாலையில்.
அது என் ரொட்டியைத்தான் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை புகார் வந்தது.
எங்கோ பனிக்காடு. விலாவுக்கும் மேலே,
தோள் எலும்பில் பட்டதாம்.
அறுபது அடிவரை ரத்தத் துளிகள்,
அப்புறம் வெறும் பனி.
இரண்டு நாள் தேடியும் இல்லை.
விரியும் வகை. லாட் 4417.
பரிசோதித்தவர் கட்டத்தில் என் கையெழுத்து.

ஏட்டைப் புரட்டினேன்.
விளிம்பு சரி. கோணம் சரி. எடை,
ஸ்பிரிங், எல்லாம் சரி.
'குறைபாட்டின் காரணம்' என்ற கட்டத்தில்
பேனா ரொம்ப நேரம் நின்றது.
'இல்லை' என்று எழுதினேன்.

விடிகாலை, பிறை போகும் பஸ்
பாலத்தின் பாதியில் நெரிசலில் நின்றது.
தோளெலும்புக்குக் கீழே கைவைத்துப் பார்த்தேன்,
மூச்சு எதுவரை போகிறது என்று.