றன்னகரம் இருக்கும் இடம்

எம்.சி. ரோட்டில் புடவைக் கடைக்கு மேலே
இரண்டாவது மாடி. லிப்ட் ஓடவில்லை.
டாக்டர் நஸ்ரின் என் மகளைச் சிரிக்கச் சொல்லவில்லை.
"கடிம்மா" என்றார்.
கடித்தாள்.
கடைவாய்ப் பற்கள் சேர்ந்தன.
முன்பற்கள் மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம்
ஒன்றையொன்று தொடாமல் நிற்க,
நடுவே நாக்கு நுனி
திறந்த ஜன்னலில் பூனை மாதிரி எட்டிப் பார்த்தது.

பிரிசில்லா. பதினொன்று முடியப் போகிறது.
நூடுல்ஸை இழுப்பாள், அறுக்க வராது.
பரோட்டாவைக் கடைவாயில் திணித்துப் பிய்ப்பாள்.
சீக்கிரம் தின்னுடி, வண்டி எடுக்கணும் என்று
எத்தனை காலை கத்தியிருக்கிறேன்.
தன் பெயரில் வரும் 'சி'யை
அவளால் பிடித்து நிறுத்த முடிந்ததில்லை,
காற்று முந்திக்கொண்டு போய்விடும்.
மழலை என்று கொஞ்சினோம்,
ஐந்தாம் வகுப்பு வரைக்கும்.

நான் ட்ரெய்லர் ஓட்டுகிறவன்.
நாற்பதடிப் பெட்டி இறங்கினால்
நாலு மூலையும் பூட்டில் உட்கார வேண்டும்.
ஒன்று உட்காராவிட்டாலும்
எண்ணூர் ரோட்டின் முதல் வளைவு சொல்லிவிடும்.
இதை டாக்டரிடம் சொன்னேன்.
"அதேதான். ஆனா இங்க பெட்டியும் வளருது, வண்டியும் வளருது.
அதனாலதான் இப்பவே பிடிக்கிறோம்."

ரோஸ் நிறப் பசையில் அச்செடுத்தார்கள்.
என் சட்டையில் வாந்தி.
அடுத்த வாரம் வெள்ளை மாவுக்கல்லில்
அவள் வாய் மேஜைமேல் இருந்தது,
மேல்தாடை தனி, கீழ்த்தாடை தனி.
பொருத்திப் பார்த்தேன்.
பின்பக்கம் திருப்பினேன். அவள் நாக்கு மட்டுமே
இதுவரை பார்த்திருந்த பக்கம் அது.
முன்னால் இருந்த சந்தில்
என் கட்டைவிரலை வைத்தேன். நுழையவில்லை.
லூர்து என் கையைத் தட்டிவிட்டுச் சொன்னாள்:
"அவ விரலுக்குச் சரியா இருக்கும்.
நீ ஜீரோ கேட் க்யூவுல நின்ன ராத்திரியெல்லாம்
வாயில வெச்சிக்கினுதான் தூங்குவா."

தண்டையார்பேட்டை மாடிப்படியில்
லாரிப் புழுதிக்கு மூக்கடைத்து
வாயைத் திறந்தே தூங்கிய வருஷங்களும் உண்டு.
டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.
மூக்குக்கு ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.
யார் மேல் தப்பு என்ற கட்டம்
அந்தத் தாளில் இல்லை.

மேல்பல்லுக்குப் பின்னால் கம்பி வேலி.
விரலுக்கும் நாக்குக்கும் சேர்த்து ஒரே வேலி.
முப்பத்தெட்டாயிரம், எட்டுத் தவணை.
முதல் வாரம் கஞ்சி, எச்சில், அழுகை,
"பிடுங்கிப் போடுப்பா."
இரண்டாவது வாரம் வாட்ஸ்அப்பில்
வேலிக்கு உள்ளே சிக்கிய முறுக்கின் படம்,
கீழே ஏழு சிரிப்பு முகம்.

நாக்குக்குப் பாடம் தனி.
"சும்மா இருக்கும்போது பல்லை முட்டக் கூடாது.
ந சொல்ற எடம் இல்ல. ன சொல்ற எடம்."
மூன்றாம் வகுப்பில் எனக்கு அடி வாங்கித் தந்த எழுத்துகள்,
தந்நகரம், றன்னகரம்.
ரெண்டும் ஒரே சத்தம்தானே டீச்சர் என்று கேட்டவன் நான்.
இப்போது இரவு பத்து மணிக்கு
என் மகள் கண்ணாடி முன்னால்
ன், ன், ன் என்று
அண்ணத்தில் ஒரு புள்ளியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பதினாலு மாதம் ஆகிறது.
சந்து சிம் கார்டு கனத்துக்கு வந்திருக்கிறது.
வேலி போய், பல்லுக்குப் பல் கம்பி வந்தாயிற்று.
முடிய இன்னும் ஒரு வருஷம்,
அப்புறமும் ராத்திரிக்கு ஒரு தட்டு போட வேண்டுமாம்.
பல்லுக்குப் பழைய இடம் நினைவிருக்குமாம்.

நேற்று மூன்றரை மணிக்கு
க்யூவில் எனக்கு முன்னால் அறுபது வண்டி.
போனில் அவள் குரல், தூங்கவில்லை போல:
"அப்பா, ஜீரோ கேட்டா?"
ஜீ இன்னும் கொஞ்சம் வழுக்குகிறது.
ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் கவனித்தேன்,
நாற்பத்தி மூன்று வயதில்
என் நாக்கு முன்பல்லை முட்டிக்கொண்டு கிடக்கிறது.
பின்னால் இழுத்தேன். அது திரும்பப் போனது.
இழுத்தேன்.
முன்வண்டி ஒரு ட்ரெய்லர் நீளம் நகர்ந்தது.