முதல் எழுத்துக்கு முன்

டனீடினில் ஜூன் மாதம்.
ஐந்து மணிக்கே ஜன்னல் கறுத்துவிடுகிறது.
ஹினேவாய் உறைபெட்டியிலிருந்து எடுப்பது
பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று.
மூடியில் மானாகியின் கோணல் எழுத்து:
கடற்பஞ்சு. தின்றுவிடாதீர்கள்.

தெற்கே, மலை இடுக்குக் கடலில் முங்கி எடுத்தது.
அங்கே மேலே மிதப்பது மழைநீர்,
காட்டுச் சருகு ஊறித் தேயிலை நிறத்தில்.
கீழே உப்பு.
அந்தக் கறுப்புக் கூரையை நம்பி
ஆழத்தில் வாழ வேண்டியதெல்லாம்
பத்து மீட்டரில் குடித்தனம் நடத்துகிறது
என்பான் மானாகி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மூன்று கிலோ பஞ்சு.
அரைத்து, வடித்து, ஆவியாக்கி
மிஞ்சியது குடுவையின் அடியில் ஒரு மங்கல்.
அந்த அறைக்குள் தும்மக்கூடாது என்று
மோராக் எழுதியே ஒட்டியிருக்கிறாள்.

செல்லுக்குள் நடப்பது இவ்வளவுதான்.
கருவிலிருந்து ஓர் ஓலை வருகிறது,
தலையில் தொப்பி, கழுத்தெல்லாம் சிக்கு.
சிக்கெடுக்கவென்றே ஒரு கை இருக்கிறது:
பிடித்து, பிரித்து, விட்டு,
பிடித்து, பிரித்து, விட்டு,
படிக்க வந்தவர் கண்ணில்
முதல் எழுத்து படும்வரை.

பஞ்சின் மூலக்கூறு
அந்தக் கையை வெட்டுவதில்லை.
இன்னும் கெட்டியாகப் பிடி
என்று மட்டும் சொல்கிறது.
பிடித்த கை பிடித்தபடி.
வாசலிலேயே வரிசை நிற்கிறது.

இரண்டு விளக்கு வைத்துத்தான் சோதிப்பார்கள்.
ஒன்று தொப்பி வழியாக ஏறும் ஓலையில்.
இன்னொன்று,
ஒரு வைரஸிடம் கடன் வாங்கிய புறவாசலில்.
ஏழாம் குழியில் முதல் விளக்கு அணைந்தது.
இரண்டாவது அப்படியே எரிந்தது.
செல் சாகவில்லை. இயந்திரமும் கெடவில்லை.
தொடக்கம் மட்டும் இல்லை.

சர்க்கரைக் கரைசலில் சுழற்றி எடுத்த வரைபடத்தில்
நேற்று மலைத்தொடர்:
ஓலைக்கு ஓலை ஏழெட்டு வாசகர்கள்
ஒருவர் பின் ஒருவராய்.
இன்று எல்லாம் தரைமட்டம்,
ஒரே ஒரு குன்று தவிர.
அது, வேலை கிடைக்காமல் நிற்பவர்களின் குன்று.

தொலைபேசியில் மானாகி கேட்டான்:
அது ஏன் தன் விஷத்தில் தானே சாகவில்லை?

மோராக் காபியை ஆற்றினாள்.
தெரியாது.
வெப்பக்காட்டு மரம் ஒன்று
இதே வேலை செய்யும் விஷத்தைச் சுரக்கிறது;
தன் சிக்கெடுக்கும் கையில்
ஒரே ஒரு கண்ணியை மாற்றி வைத்துக்கொண்டு பிழைக்கிறது.
உன் பஞ்சை யாரும் இன்னும் கேட்கவில்லை.

ஹினேவாயின் கேள்வி வேறு.
இந்தச் செல்கள் பிறந்தது
யாரோ ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியில்.
பெயர் இல்லை, எண் உண்டு.
பக்கத்துத் தட்டில் இருப்பது
சும்மா வாழும் தோல்.
தோலுக்கும் வேண்டுமே அந்தக் கை?
எந்த அளவில் புற்று வாயடைக்கும்,
தோல் வெறும் பெருமூச்சோடு தப்பும்?

மூலக்கூறை ஒரு இடத்தில் செதுக்கி,
பிடி தளரும்படி மாற்றிய புதுசு,
எழுபத்தொன்று என்று பெயர்.
ஆறு மணிநேரம் ஊறவிட்டாள்.
பிறகு கழுவினாள், மூன்று முறை,
இளஞ்சிவப்புத் திரவம் குழாயில் இறங்க.
காத்திருந்தாள்.
வெளியே கடற்காற்று யாருடைய வேலிக்கதவையோ
அடித்துக்கொண்டே இருந்தது.

பதினொன்றரைக்கு எண்கள் வந்தன.
தோல்: நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பது.
கட்டி: நாற்பது. தொண்ணூறு. முந்நூற்றுப் பத்து.

கைவிட்ட உடனே
முதலில் பேசத் தொடங்கியது புற்றுதான்.

அவள் திட்டவில்லை.
எண்களை எழுதிக் கோடிட்டாள்,
அடியில்: கழுவாமல், பாதி அளவில், மறுபடி.
டப்பாவில் இன்னும் ஒரு கைப்பிடி பஞ்சு இருந்தது.
மூடியை அழுத்தி, ஐஸ் உதிர,
பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால் வைத்தாள்.
உறைபெட்டியில் உணவு வைக்கக்கூடாதென்று
அதற்கும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.