புள்ளிக்குத் தனிக் காசு

பேச் நகரத்து அச்சகத்தில் இருபது வருடம்
எமோக்கேயும் நானும்
ரயில் கால அட்டவணைக்கு மெய்ப்புப் பார்த்தோம்.
நிலையப் பெயரைச் சுருக்கினால் புள்ளி வை,
கிலோமீட்டருக்கு வைக்காதே,
அது குறியீடு என்பாள்.
'மற்றும் முதலியன' என்று எவனாவது எழுதிவிட்டால்
அன்று அவள் காபி ஆறிவிடும்.
"நம் ஹங்கேரியச் சுருக்கத்தின் முதல் எழுத்தே 'மற்றும்'தான்.
இன்னொன்று எதற்கு, வாலுக்கு வாலா?"

கெல்லேர்ட் இறந்த பிறகு வந்த கடிதங்களையும்
சிவப்புப் பென்சிலோடுதான் படித்தாள்.
மைத்துனர் எழுதிய பின்குறிப்பில்
ஒரு புள்ளி குறைந்தது. சேர்த்தாள்.
அப்புறம் மூக்கைச் சிந்தினாள்.

இங்கே வயதான பெண்கள் சிலர்
கணவன் போனதும்
கதவுப் பலகையை மாற்றுவார்கள்:
அவன் பெயருக்கு முன்னால்
கைம்பெண் என்பதன் சுருக்கம்,
மூன்று எழுத்து, ஒரு புள்ளி.

கடைக்காரர் புள்ளியை விட்டுவிட்டார்.
"எழுத்துக்குத்தான் கணக்கு, அம்மணி.
புள்ளிக்குத் தனிக் காசு.
அதை யார் பார்க்கப்போகிறார்கள்?"

"இது முற்றுப்புள்ளி இல்லை ஐயா.
சொல் முடியவில்லை,
மிச்சம் உள்ளே இருக்கிறது
என்று சொல்லும் புள்ளி."
அதற்குள் அவர்
இயந்திரத்தை அணைத்துவிட்டிருந்தார்.

நேற்று மூன்றாம் மாடி ஏறி
அழைப்புமணிக்குக் கை நீட்டினேன்.
பித்தளையில், அந்த மூன்று எழுத்துக்குப் பின்,
நகப்பூச்சில் வைத்த சிவப்புப் பொட்டு.
காய்வதற்குள் வழிந்து
காற்புள்ளியாகியிருந்தது.

அவள் கண்ணுக்குத் தப்பியிருக்காது.
துடைக்கவில்லை.

மணியை அழுத்தினேன்.